உடனிருப்பவர்

“பன்னெண்டாம் பெட்டுக்கு உடனிருப்பவர் யாருங்க?”

காலையிலிருந்து மூன்றாவது தடவையாக அவள் வராந்தாவின் கோடிவரை கேட்கும்படி கூப்பிட்டாள். சுவரோரம் துண்டை விரித்துப் படுத்திருந்தவர்களில் இரண்டு பேர் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். தங்கள் எண் இல்லை என்று தெரிந்ததும் மறுபடியும் சாய்ந்துகொண்டார்கள். பன்னிரண்டாம் படுக்கைக் கிழவரின் மகன் தேநீர் குடிக்கப் போனவன் இன்னும் வரவில்லை. இந்த வார்டில் தேநீர் குடிக்கப் போகிற மகன்கள் அரைநாள் பொழுதையும் சேர்த்துக் குடித்துவிட்டுத்தான் வருவார்கள்.

அவளே வேலையில் இறங்கினாள். கிழவரைத் தோளிலும் இடுப்பிலும் பிடித்து ஒருபக்கமாகப் புரட்டி, நனைந்த விரிப்பை அவர் முதுகுவரை சுருட்டி, அதை ஒட்டினாற்போலப் புது விரிப்பின் பாதியைத் திணித்தாள். பிறகு இந்தப் பக்கம் புரட்டிப் பழையதை உருவி, புதியதை இழுத்து நான்கு மூலைகளையும் மெத்தைக்கு அடியில் செருகினாள். கட்டுப் போட்ட கால் ஒரு விரற்கடைகூட அசையவில்லை. எலும்பு முறிவு வார்டில் பத்தொன்பது வருடமாக இதே வேலை. கை தன்பாட்டில் செய்தது. மனசு மட்டும் இரண்டரை மணிக்கு ஓடிப்போய் அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

இரண்டரை மணிக்குப் பத்திர எழுத்தரைப் பார்க்க வேண்டும். அவளும் டைல்ஸ்காரனும் சேர்ந்து வாங்கிய வீட்டை விற்று, ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டு, அவரவர் வழியைப் பார்ப்பது என்று முடிவாகியிருந்தது. பிரிந்துவிடலாம் என்று முதலில் சொன்னவள் அவள்தான்.

டைல்ஸ்காரன் இருபத்தைந்து வருடம் முட்டி போட்டே பிழைத்தவன். ஊரில் உள்ளவர்கள் நடக்கிற தரையையெல்லாம் அவன் முட்டியில் தவழ்ந்து பதித்தான். கடைசியில் இரண்டு முட்டிகளும் வீங்கி, குந்தவும் முடியாமல் நிமிரவும் முடியாமல் போயின. மூன்றாவது மாடி வீட்டிலிருந்து கீழே இறங்குவதே வாரத்துக்கு ஒரு நாள் என்றாகிவிட்டது. இரண்டு வருடமாக அவன் அவளிடம் பேசியதெல்லாம் “வெந்நீர்” என்ற ஒரு வார்த்தைதான். அவள் வார்டில் எட்டு மணி நேரம் மற்றவர்களுடைய மூத்திரத்தைத் தூக்கிக் கொட்டிவிட்டு வந்து, வீட்டில் அவன் முட்டிக்கு ஒத்தடம் கொடுத்தாள். ஒருநாள் சாயங்காலம் வெந்நீர் ஆறிவிட்டது என்று அவன் பாத்திரத்தைத் தூக்கி எறிந்தான். அவள்மேல் படவில்லை. அவள் தண்ணீரைத் துடைத்து, துணியைப் பிழிந்து காயப் போட்டுவிட்டு வந்து, “போதும், பிரிஞ்சிடலாம்” என்றாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அலுத்துப் போயிருந்தது.

ஒரு வாரம் கழித்து அவனும் சரி என்றான். வெளியூரில் இருக்கும் அவன் அக்கா அவனை அழைத்து வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். முட்டிக்கு அறுவை செய்துகொண்டால் நடந்துவிடலாம், வீட்டை விற்றால் அதற்கும் ஆகும்.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சாமான்களைப் பிரித்தார்கள். இத்தனை சுமுகமாகப் பிரிகிறவர்கள் ஏன் பிரிகிறார்கள் என்று பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும். கட்டில் அவனுக்கு, தரையில் படுத்தால் அவனால் எழுந்திருக்க முடியாது. பீரோ அவளுக்கு. அடுப்பு அவளுக்கு, மின்விசிறி அவனுக்கு. ஒத்தடம் கொடுக்கிற ரப்பர் பைக்கு மட்டும்தான் சண்டை வந்தது. அது உனக்குத்தான் வேண்டும் என்று அவள் சொன்னாள். நீ காசு போட்டு வாங்கியதை நான் ஏன் எடுக்கிறேன் என்று அவன் முறைத்தான். ஒருவர் தலையில் ஒருவர் கட்டப் பார்த்து முடியாமல், பை ஜன்னல் கம்பியிலேயே தொங்கியது.

பிரிக்க முடியாதது தரை ஒன்றுதான். பெரிய வீடுகளில் வேலை முடிந்ததும் மிஞ்சுகிற டைல்ஸ்களை அவன் கேட்டு வாங்கி வருவான். அவள் இரண்டிரண்டு பெட்டியாக இடுப்பில் வைத்து மூன்று மாடி ஏற்றுவாள். அவன் ரசமட்டம் வைத்துப் பதிப்பான், அவள் ஈரத் துணியால் இடுக்கில் வழிந்த சிமெண்டைத் துடைப்பாள். இரண்டு அடிக்கு ஒரு நிறம். எந்த வீட்டில் எந்தக் கல் மிஞ்சியது என்று அவனால் இன்றைக்கும் விரல் வைத்துச் சொல்ல முடியும். வீட்டைப் பார்க்க வந்த வாங்குகிற ஆள், தரையை உற்றுப் பார்த்துவிட்டு, இதைப் பெயர்த்துவிட்டு ஒரே நிறமாகப் போட வேண்டும் என்று தன் மனைவியிடம் சொன்னார். டைல்ஸ்காரன் அப்போது கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டவன், அவர்கள் போன பிறகுதான் வெளியே வந்தான்.

பத்திர எழுத்தரின் அறை பதிவு அலுவலகத்துக்கு எதிரில், ஜெராக்ஸ் கடையின் பின்பக்கம் இருந்தது. டைல்ஸ்காரன் முன்னாடியே வந்து, முட்டியை நீட்டி வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவள் வார்டுச் சேலையோடே ஓடி வந்திருந்தாள். பத்திர எழுத்தர் மூலப் பத்திரத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார், தள்ளி வைத்துப் படித்தார், பின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“விக்கிறது ரெண்டு பேருமா?” என்று கேட்டார்.

“ஆமாங்க. ஆளுக்குப் பாதி” என்றான் டைல்ஸ்காரன்.

“இதுல அப்படி இல்லையே. வாங்குபவர்னு உங்க பேர் இருக்கு. இவங்க பேருக்கு முன்னாடி ‘உடனிருப்பவர்’னு போட்டிருக்கு.”

“அது நான்தாங்க” என்றாள் அவள். சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

“அம்மா, கூட்டு உரிமைன்னா ‘இணை உரிமையாளர்’னு இருக்கணும். இல்ல, மனைவின்னு இருக்கணும். உடனிருப்பவர்னா என்ன அர்த்தம்? எழுதும்போது நீங்க பக்கத்துல இருந்தீங்கன்னு அர்த்தம். அவ்வளவுதான்.”

அவளுக்கு அவர் பேசியது விளங்கவில்லை. பத்தொன்பது வருடமாக அவள் அந்த வார்த்தையோடுதான் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறாள். வார்டுப் பதிவேட்டில் நோயாளியின் பெயருக்கு அடுத்த கட்டம் அதுதான். நோயாளி கண் மூடிக் கிடக்கும்போது டாக்டர் யாரைக் கூப்பிடுவார்? உடனிருப்பவரை. அறுக்கலாமா, வேண்டாமா என்று யார் சொல்ல வேண்டும்? உடனிருப்பவர். நோயாளியின் கடிகாரம், மோதிரம், சட்டைப் பையில் இருந்த சில்லறை எல்லாவற்றையும் யார் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார்கள்? அந்தக் கட்டத்தில் பெயர் இல்லாதவன் அண்ணன் தம்பியானாலும் வாசலில்தான் நிற்க வேண்டும். அந்தக் கட்டத்தைவிடப் பெரிய உறவு ஒன்று உலகத்தில் இருப்பதாக அவளுக்குத் தோன்றியதே இல்லை.

டைல்ஸ்காரன் அவளுக்குக் கிடைத்ததும் அந்தக் கட்டத்தில்தான். சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து வந்திருந்தான். மறுநாள் காலையில் அறுவை. உடனிருப்பவர் கட்டம் காலியாக இருந்தால் உள்ளே எடுக்க மாட்டார்கள். வெளியூரில் இருந்த அக்கா, தகவல் போயும் வந்து சேரவில்லை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, யாருமில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, வந்துவிடுவார்கள் வந்துவிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவள் பேனாவை எடுத்துத் தன் பெயரை எழுதினாள். அதற்குப் பிறகு அவன் ஊன்றுகோலோடு நடந்து வந்ததும், இரண்டு பேரும் ஒரே அறைக்குக் குடிபோனதும் தானாக நடந்தன. கல்யாணம் செய்துகொள்ள வழியில்லை. வேலைக்கு என்று வெளியூர் போன அவள் புருஷன் திரும்பவே இல்லை. அவன் இறந்துவிட்டான் என்று சொல்லவும் சான்று இல்லை, விட்டுவிட்டான் என்று எழுதி வாங்கவும் ஆள் இல்லை.

மூன்று வருடம் கழித்துக் கட்டட வேலைக்காரர்களுக்கான திட்டத்தில் அவனுக்கு வீடு ஒதுக்கினார்கள். அலுவலகத்தில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர், இரண்டாவது பெயர் யார், என்ன உறவு என்று கேட்டார். டைல்ஸ்காரன் “சம்சாரம்” என்று சொல்ல வாயைத் திறந்தான். அவள் அவன் முழங்கையைக் கிள்ளினாள். அதற்கு முந்தின மாதம்தான் வார்டில் ஒரு லாரி டிரைவர் இறந்துபோய், மனைவி என்று இரண்டு பெண்கள் வந்து நின்று, நாலு நாள் உடலைக் கொடுக்க முடியாமல் ஒரே ரகளை. பதிவேட்டில் பொய் எழுதினால் அது என்றைக்காவது எழுந்து வரும் என்பது அவளுக்குத் தெரியும். ஜன்னல்காரரிடம் அவளே சொன்னாள்:

“உடனிருப்பவர்னு போடுங்க சார்.”

அப்படியென்றால் என்ன என்று அவர் கேட்டார். எதுவானாலும் அவர்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள் என்று அவள் விளக்கினாள். பின்னால் வரிசை நீளமாக இருந்தது. அவர் எழுதிவிட்டு முத்திரை குத்தினார். பொய் சொல்லாமல் காரியத்தை முடித்த சந்தோஷத்தில் அன்றைக்கு அவள் நடந்தே வீட்டுக்கு வந்தாள்.

இதையெல்லாம் பத்திர எழுத்தரிடம் சொன்னபோது அவர் பொறுமையாகத்தான் கேட்டார். நல்ல மனிதர். மனைவி என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் இன்றைக்கு யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள் என்று மட்டும் சொன்னார். வீட்டை விற்க டைல்ஸ்காரனின் கையெழுத்து ஒன்றே போதும், அம்மா வர வேண்டிய அவசியமே இல்லை என்றார்.

வெளியே வந்ததும் டைல்ஸ்காரன் ஜெராக்ஸ் கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். “காகிதம் என்னமோ சொல்லிட்டுப் போகட்டும். பாதின்னா பாதிதான். நான் என்ன உன்ன ஏமாத்தவா போறேன்?” என்றான். அவள் நம்பினாள். அந்த நிமிடத்தில் அவனும் அதை நம்பித்தான் சொன்னான்.

நாலாம் நாள் அவன் அக்கா வந்து இறங்கினாள். நாத்தனார் என்று கூப்பிட முறை கிடையாது. ஆனால் ஒரு நாத்தனார் செய்யக்கூடிய அத்தனையையும் பதினோரு வருடத்தில் ஒன்று விடாமல் செய்து முடித்தவள். தம்பியை இவள் ‘நீ, வா, போ’ என்று பேசுவது அந்த அம்மாளுக்கு முதல் நாளிலிருந்தே நெஞ்சில் முள். இப்போது அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பத்திரத்தை வாங்கி ஒருமுறை படித்துவிட்டுத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு சமையலறைக்கு வந்து, இவள் பாத்திரம் கழுவுகிற பக்கத்திலேயே நின்று, தணிந்த குரலில் பேசினாள்.

“ஏம்மா, போறேன்னு சொன்னது நீ. அவன் உன்ன அனுப்பல. அவனுக்கு ரெண்டு முட்டியும் அறுக்கணும், ஆறு மாசம் படுக்கையில கிடக்கணும். நான்தான் பாக்கப் போறேன். நீ சம்பளம் வாங்குற, நடக்குற, ஓடுற. நீயே சொல்லு, யாருக்கு வேணும்?”

அவள் கையில் சோப்பு நுரையோடு நின்றாள். அதற்குப் பதில் அவளிடம் இருந்தது. ஏழு வருடம் தவணை கட்டியதில் மாதத்துக்குப் பாதி அவள் இரவு டூட்டி பார்த்துக் கட்டியது. அவன் வேலைக்குப் போகாத கடைசி இரண்டு வருடம் முழுதும் அவள் கட்டியது. ஆனால் கேள்வி அதுவாக இல்லை. முட்டிகளைப் பற்றித்தான் கேள்வி. அவன் முட்டிகளை அவளைவிட நன்றாக அறிந்தவர்கள் யாரும் இல்லை. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவள் அவள். இரண்டு எலும்புக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி ஒரு கோடாகக்கூட மிஞ்சவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவள் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

அதற்குப் பிறகு பாதி என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் உச்சரிக்கவில்லை. டைல்ஸ்காரன் அவள் முகத்தைப் பார்க்காமல், இப்போதைக்கு நாலில் ஒரு பங்கு, நடக்க ஆரம்பித்ததும் மீதி என்றான். நடக்க ஆரம்பித்து அவன் பதிக்கப் போகிற தரை எங்கே இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. அவனுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. அவன் வெட்கப்பட்டதைப் பார்க்க அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. அவன் வெட்கப்படாமல் இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

இரண்டு வாரம் அவள் ஒரு இடத்தில் நிற்கவில்லை. வீட்டுத் திட்ட அலுவலகத்துக்குப் போனாள். ஜன்னல் அதேதான், ஆள் வேறு. பழையவர் ஓய்வு பெற்று மகனோடு எங்கேயோ போய்விட்டார். புதியவர் கணினியில் பார்த்துவிட்டு, உடனிருப்பவர் என்ற உறவே பட்டியலில் கிடையாது, யார் எழுதியது என்று அவளையே கேட்டார். இலவசச் சட்ட உதவி மேஜைக்குப் போனாள். அங்கே இருந்த இளம் வக்கீல் அம்மாள் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொண்டாள். தவணை கட்டிய ரசீதைக் கேட்டாள். ஒரு பிளாஸ்டிக் பை நிறைய ரசீதுகளை அவள் எடுத்து வைத்தாள். எல்லாம் அவன் பெயரில் இருந்தன. உறுப்பினர் அட்டையைக் காட்டினால்தான் ஜன்னலில் வாங்குவார்கள், அட்டை அவனுடையது.

“நீங்க கட்டினத யாராவது பாத்தாங்களா?”

“ஜன்னல்ல இருந்தவர் பாத்தாரும்மா.”

வழக்குப் போடலாம், விற்பனையை நிறுத்தலாம், ஆனால் நாலைந்து வருடம் ஆகும் என்று வக்கீல் அம்மாள் சொன்னாள். அதுவரைக்கும் வீட்டைக் காலி செய்யாமல் அப்படியே உட்கார்ந்துகொள்ளுங்கள், அதுதான் உங்களுக்குப் பலம் என்றும் சொன்னாள். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் அதைத்தான் யோசித்தாள். உட்கார்ந்துகொள்ளலாம். வாங்குகிற ஆள் போய்விடுவார். அறுவை நின்றுவிடும். மூன்றாவது மாடியில் அவன் ஒரு மூலையிலும் அவள் ஒரு மூலையிலும் நாலைந்து வருடம். அவன் கால்கள் வளைந்து போவதை, தினம் வார்டில் பார்ப்பது போதாதென்று, வீட்டிலும் பார்க்க வேண்டும். பேருந்தில் இரண்டு நிறுத்தம் தள்ளித்தான் இறங்கினாள்.

வார்டில் அன்றைக்கு இரண்டு நோயாளிகளின் எக்ஸ்ரேயை மாற்றி வைத்து, நர்ஸிடம் திட்டு வாங்கினாள். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. விஷயம் தெரிந்த நர்ஸ் பிறகு மனம் இளகி, கல்யாண போட்டோ ஏதாவது இருந்தால் கொண்டுபோய்க் காட்டேன் என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட ஒரே படம் வீட்டுத் திட்ட அட்டைக்காக எடுத்தது. அதில் இரண்டு பேரும் தனித்தனியாகத்தான் இருந்தார்கள், நடுவே ஒரு கோடு போட்டிருந்தது.

வாடகைக்கு அறை தேடினாள். டூட்டி முடிந்து சாயங்காலங்களில் தெருத்தெருவாக அலைந்தாள். போன இடத்தில் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: “கூட யாரும்மா இருப்பாங்க?” யாரும் இல்லை, நான் மட்டும்தான் என்று சொன்னதும், அப்போதுதான் நினைவு வந்ததுபோல, அறையை வேறு ஒருவருக்குச் சொல்லிவிட்டோம் என்றார்கள். ஆறாவது இடத்தில், மாவு மில்லுக்கு மேலே இருந்த ஓர் அறைக்காரர் மட்டும் சரி என்றார். ஆனால் பத்து மாத வாடகையை முன்பணமாக வைக்க வேண்டும். நாலில் ஒரு பங்கு வந்தால் வைத்துவிடலாம். வார்டு மேற்பார்வையாளரிடம் கெஞ்சிப் பீரோவையும் அடுப்பையும் பழைய ஸ்ட்ரெச்சர்கள் போடுகிற அறையில் கொண்டுவந்து போட்டாள்.

பத்திரப் பதிவு ஒரு வியாழக்கிழமை. அன்றைக்கு வந்தால் பணம் கைமாறியதும் அங்கேயே உன் பங்கைக் கொடுத்துவிடுகிறேன் என்று டைல்ஸ்காரன் சொல்லியிருந்தான். அவள் டூட்டி மாற்றிக்கொண்டு பத்து மணிக்கே பதிவு அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். கூடம் முழுக்க மரப் பெஞ்சுகள். உட்கார முடியாமல் எழுந்து நின்றாள், நிற்க முடியாமல் வாசல்வரை போய் வந்தாள். டைல்ஸ்காரனும் அக்காவும் ஆட்டோவில் வந்து இறங்கியபோது, அவன் அக்குள்களுக்குக் கீழே கை கொடுத்து இறக்கிவிட்டது அவள்தான். அக்காவுக்கு அந்தப் பிடி தெரியாது. அந்த அம்மாள் பிடித்தால் அவன் விழுந்துவிடுவான்.

பெஞ்சில் உட்கார்ந்ததும் அக்கா கைப்பையை மடியில் வைத்து அணைத்துக்கொண்டு, மருத்துவமனையில் கேட்கிற தொகை கூடிப்போய்விட்டது என்றாள். கால் பங்கு என்று பேசியது பேச்சுத்தான், இருந்தாலும் இப்போதைக்கு உன் அறை முன்பணத்துக்கு ஆகிறதைத் தருகிறோம் என்றாள். டைல்ஸ்காரன் தன் முட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவனையே பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்வான் என்று காத்திருந்தாள்.

பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டார்கள். வாங்குகிற ஆளும் மனைவியும் நல்ல உடை உடுத்தி வந்திருந்தார்கள். பத்திர எழுத்தர் தாள்களை அடுக்கி வைத்து, எங்கெங்கே கையெழுத்து என்று பென்சிலால் புள்ளி வைத்துக் காட்டினார். டைல்ஸ்காரன் போட்டான். கட்டைவிரல் ரேகையை இயந்திரம் எடுக்கவில்லை. சிமெண்டில் தேய்ந்து வழுவழுப்பாகிப்போன விரல். ஐந்தாவது விரலில்தான் விழுந்தது. வாங்குகிறவர் போட்டார். அக்கா முதல் சாட்சியாகப் போட்டாள்.

“ரெண்டாவது சாட்சி எங்க?” என்று கேட்டார் எழுத்தர்.

வருவதாகச் சொல்லியிருந்த பெயின்டர், டைல்ஸ்காரனின் பழைய கூட்டாளி, வரவில்லை. போனை அவன் எடுக்கவே இல்லை. இன்றைக்கு விட்டால் அடுத்த தேதிக்கு மூன்று வாரம் ஆகும் என்றார் எழுத்தர். வாங்குகிறவர் தன் மனைவியின் காதில் ஏதோ சொன்னார். வேறு ஒரு வீடும் பார்த்து வைத்திருப்பதாகச் சத்தமாகவே சொன்னார். அக்கா எழுந்து வாசலைப் பார்த்தாள். டைல்ஸ்காரன் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தான். இரண்டு வாரத்தில் அவன் அவள் கண்ணைப் பார்த்தது அப்போதுதான்.

“நீ போடுறியா?” என்றான்.

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். மூன்று வாரம் கழித்து மாவு மில் அறை இருக்காது. வாங்குகிறவரும் இருக்க மாட்டார். அக்கா சொன்ன அந்தக் கொஞ்சமும் இருக்காது. அவன் முட்டிகள் மட்டும் இருக்கும். அவள் எழுத்தரிடம், என்னவென்று போட வேண்டும் என்று கேட்டாள்.

“சாட்சிம்மா. அவரு வித்தாரு, நீங்க பக்கத்துல இருந்து பாத்தீங்க. அதுக்குத்தான்.”

பேனா மேஜைக் காலோடு சேர்த்துக் கயிற்றில் கட்டியிருந்தது. கயிறு குட்டை. அவள் குனிந்து, கையெழுத்துப் போட்டாள். அடுத்த வரியில் பெயரை எழுதினாள். அதற்கு அடுத்த வரியில் விலாசம் என்று இருந்தது. எட்டு வருடமாக எழுதிப் பழகிய கை நிற்காமல் ஓடியது. கதவு எண், மூன்றாவது மாடி, கட்டடத்தின் எண், தெரு. எழுதி முடித்து நிமிர்ந்தாள்.

எழுத்தர் தாளைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார். உச்சுக் கொட்டினார். ஓர் அளவுகோலை வைத்து, அவள் எழுதியதன் குறுக்கே நேராக ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் தன் சுருக்கொப்பத்தைப் போட்டார். பிறகு தாளை மறுபடியும் அவள் பக்கம் தள்ளினார்.

“இது விக்கிற வீட்டு விலாசம்மா. உங்க விலாசத்த எழுதுங்க.”

கோட்டுக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. வாங்குகிறவரின் மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள். அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள், பின்னால் பெஞ்சுகள் நகர்ந்தன. அவள் குட்டைக் கயிற்றில் கட்டிய பேனாவைப் பிடித்தபடி, குனிந்தவாறே நின்றாள்.